எலிவேஷன் கடைசியில் வரட்டும்

வீடு கட்டப் போகிறவர்கள் கூடிப் பேசும் இடத்தில் கொஞ்ச நேரம் நின்றால் ஒரு வார்த்தை திரும்பத் திரும்பக் காதில் விழும். எலிவேஷன். "எலிவேஷன் மட்டும் சூப்பரா வரணும் சார்", "பக்கத்து வீட்டுக்காரர் எலிவேஷனுக்கே தனியா செலவு பண்ணியிருக்கார்", "பிளான் எப்படி வேணா இருக்கட்டும், எலிவேஷன் இந்த மாதிரி வேணும்". கடைசி வாக்கியத்தோடு கைபேசியில் ஒரு படமும் வரும். துபாயிலோ ஹைதராபாத்திலோ இருக்கிற ஏதோ ஒரு வீட்டின் முகம். கண்ணாடி, கல் பதித்த ஒரு செவ்வகம், இரவில் எரியும் மஞ்சள் விளக்குகள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், எலிவேஷன் என்பது வெறும் ஒரு வரைபடத்தின் பெயர். ஒரு கட்டடத்தை எதிரே நின்று பார்த்தால் எப்படித் தெரியும் என்று அளவோடு வரைந்து காட்டுவது, அவ்வளவுதான். எல்லாக் கட்டடத்துக்கும் எலிவேஷன் உண்டு, மாட்டுக் கொட்டகைக்கும் உண்டு. தமிழ்நாட்டில் அது அலங்காரம் என்ற பொருளுக்கு மாறிவிட்டது. ஒரு சொல் பொருள் மாறுவதில் தப்பில்லை. ஆனால் கட்டடக்கலை என்றாலே அந்த முகப்பு அலங்காரம்தான் என்று ஆகிவிட்டதே, சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. வாழ்நாள் சேமிப்பு, அதற்கு மேல் இருபது வருட வங்கிக் கடன், இரண்டையும் போட்டு ஒரு வீட்டைக் கட்டி, ஏப்ரல் மாதம் இரவு பதினொரு மணிக்கு மொட்டை மாடியில் பாய் போட்டுப் படுக்கிற குடும்பங்கள் எத்தனை! உள்ளே படுக்க முடியவில்லை. முகப்பு என்னவோ அழகாகத்தான் இருக்கிறது.

சரி, கட்டடக்கலையை முதன்முதலாக எட்டிப் பார்க்கிறவர் எங்கிருந்து தொடங்குவது? பாடப்புத்தகங்கள் எல்லாம் விட்ருவியஸ் என்ற ரோமானியரிடமிருந்து தொடங்கும். கிறிஸ்து பிறப்பதற்கு முந்தைய நூற்றாண்டில் வாழ்ந்தவர், கட்டடக்கலை பற்றிப் பத்துப் பகுதிகள் கொண்ட நூல் எழுதியவர். கட்டடம் உறுதியாக இருக்க வேண்டும், பயன்பட வேண்டும், அழகாக இருக்க வேண்டும் என்று மூன்றைச் சொன்னார். தேர்வில் இரண்டு மார்க் கேள்விக்கு உதவும். வீட்டுக்காரருக்கு அதைவிட உதவுவது மூன்று வரைபடங்களைப் படிக்கத் தெரிவது.

முதலாவது பிளான். தரையிலிருந்து சுமார் நான்கடி உயரத்தில் வீட்டைக் கத்தியால் கிடைமட்டமாக வெட்டி, மேல்பகுதியைத் தூக்கி வைத்துவிட்டு, மேலேயிருந்து குனிந்து பார்த்தால் தெரிவது. ஜன்னலும் கதவும் அந்த வெட்டில் அகப்படும் என்பதால்தான் நான்கடி. இரண்டாவது மேலே சொன்ன எலிவேஷன். மூன்றாவது செக்‌ஷன். பிறந்தநாள் கேக்கை வெட்டுகிற மாதிரி வீட்டை மேலிருந்து கீழாக வெட்டி, வெட்டுமுகத்தைப் பார்ப்பது. பேஸ்மட்டம் எவ்வளவு உயரம், ஜன்னல் எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது, சன்ஷேடு எத்தனை அடி நீட்டிக்கொண்டிருக்கிறது, தளத்துக்கு மேல் என்ன இருக்கிறது, மாடிப்படி தலையில் இடிக்குமா, எல்லாம் இதில்தான் தெரியும்.

பிளானை எல்லோரும் பார்க்கிறார்கள். எலிவேஷனைக் கேட்டு வாங்குகிறார்கள். செக்‌ஷனை மட்டும் யாரும் கேட்பதில்லை. அனுமதிக்குக் கொடுக்கும் தாளின் ஓரத்தில் ஒரு சம்பிரதாயத்துக்கு அது இருக்கும். ஆனால் வெயில், காற்று, மழை மூன்றும் வீட்டுக்குள் வருகிற வழி அந்தத் தாளில்தான் இருக்கிறது.

வெயிலை எடுத்துக்கொள்வோம். சென்னை பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் 13 டிகிரியில் இருக்கிறது. அதனால் வருடத்தில் இரண்டு முறை, ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மத்தியிலும், நண்பகலில் சூரியன் சரியாக உச்சந்தலைக்கு மேலே வரும். மதுரையிலும் நெல்லையிலும் இந்தத் தேதிகள் சில நாட்கள் மாறும். இது ஒன்றும் புதுக் கண்டுபிடிப்பில்லை. சங்க இலக்கியமான நெடுநல்வாடையில், சித்திரை மாதத்து நடுப்பகலில் கோல்களை நட்டு அவற்றின் நிழலைப் பார்த்துத் திசை குறித்து, கயிறு பிடித்து அரண்மனைக்கு மனை வகுக்கிற காட்சி வருகிறது. கட்டுவதற்கு முன் நிழலைப் பார்த்தார்கள். இப்போது கட்டி முடித்த பிறகு ஏசி கடைக்குப் போகிறார்கள்.

உச்சி வெயில் என்றால் என்ன அர்த்தம்? வீட்டில் அதிகமாக வெயில் வாங்குவது சுவர் அல்ல, கூரை. காலை எட்டு மணிக்கு ஆரம்பித்து மாலை ஐந்து வரை விடாமல் வாங்குகிறது. நாலரை, ஐந்து அங்குல கான்கிரீட் தளம் அந்தச் சூட்டைக் குடித்துக்கொண்டு, சில மணி நேரம் கழித்து மெதுவாகக் கீழே விடும். மத்தியானத்துச் சூடு இரவுச் சாப்பாட்டு நேரத்துக்கு அறைக்குள் இறங்குவது அதனால்தான். மின்விசிறி போட்டால் அந்தச் சூடான காற்றையே கீழே தள்ளும்.

பழைய சென்னை வீடுகளில் மெட்ராஸ் டெரஸ் என்று ஒரு தளம் போடுவார்கள். தேக்கு உத்தரங்களின் மேல் சின்னச் சின்ன மெல்லிய செங்கற்களைச் செங்குத்தாக, மூலைவாட்டத்தில், சுண்ணாம்புக் கலவையில் அடுக்குவது. அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் சேர்த்து அடித்துக் கெட்டிப்படுத்திய ஒரு கனமான அடுக்கு. கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீர் அதில் சேரும். எல்லாவற்றுக்கும் மேலே தட்டோடு. கனமும் சுண்ணாம்பும் சேர்ந்து சூடு உள்ளே வருவதைத் தாமதப்படுத்தின, மேலே உயரமான கூரை வேறு. இன்றைக்குத் தேக்கு விலையில் இதைக் கட்டுங்கள் என்று யாரும் சொல்லப் போவதில்லை. ஆனால் கான்கிரீட் தளத்தின் மேல் சுர்க்கியும் தட்டோடும் போடும் வழக்கம் இருந்ததே, அதையும் 'செலவு' என்று வெட்டிவிட்டு வெறும் சிமெண்ட் பூச்சோடு விடுகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். அந்தப் பணம் எங்கே போகிறது என்றால், எலிவேஷனுக்குத்தான். வெள்ளை ஓடு பதிப்பது, வெள்ளை பூசுவது, மாடியில் பந்தல் போட்டுத் தளத்தை நிழலில் வைப்பது, இவையெல்லாம் செக்‌ஷனில் ஒரு கோடு. முகப்பில் தெரியாது. ஆகவே யாருக்கும் ஆர்வமில்லை.

சுவருக்கு வருவோம். ஜன்னலுக்கு மேலே இரண்டடி சன்ஷேடு போடுவது வழக்கம், நாலு பக்கமும் ஒரே மாதிரி. ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்த்தால் இதன் அபத்தம் புரியும். டிசம்பரில், சூரியன் மிகத் தெற்கே போகிற நாளில்கூட சென்னையில் நண்பகல் வெயில் சுமார் 53 டிகிரி உயரத்தில் இருக்கும். தெற்குச் சுவரில் இரண்டடி சன்ஷேடு போட்டால் அப்போது இரண்டே முக்கால் அடி நிழல் கிடைக்கும். நாலடி ஜன்னலில் முக்கால்வாசிக்குக் கொஞ்சம் குறைவு. அது குளிர்காலம், மிச்சக் கால்வாசியில் வெயில் விழுந்தால் நல்லதுதான். ஜூன் மாத நண்பகலில் சூரியன் கொஞ்சம் வடக்கே சாய்ந்து ஏறக்குறைய 80 டிகிரியில் நிற்கும். வடக்குச் சுவரில் அதே இரண்டடி சன்ஷேடு பத்தடிக்கு மேல் நிழல் தரும். முழுச் சுவரும் நிழலில்!

இப்போது மேற்குச் சுவர். மே மாதம் மாலை நாலரை மணி. சூரியன் 27 டிகிரி வாக்கில் தாழ்ந்துவிட்டது. அதே இரண்டடி சன்ஷேடு தருவது ஒரே ஒரு அடி நிழல். மீதி மூன்றடி ஜன்னல் வழியாக வெயில் நேராகக் கட்டிலில் வந்து உட்காரும். மேற்குப் பக்கம் சன்ஷேடு ஒரு ஆறுதல் பரிசு, அவ்வளவே. அங்கே வேண்டியது மரம், அல்லது செங்குத்துத் தடுப்பு, அல்லது ஜன்னலையே சின்னதாக்குவது. மேற்குப் பார்த்த மனைதான் கிடைத்தது என்றால் அதற்காக மனையை விற்க வேண்டியதில்லை. படிக்கட்டு, குளியலறை, சாமான் அறை இவற்றை மேற்கில் தள்ளிவிட்டால் அவை வெயிலை வாங்கிக்கொண்டு படுக்கையறையைக் காப்பாற்றும். ஆனால் மேற்குப் பார்த்த மனையில் தெருப்பக்கம்தானே மேற்கு? அங்கேதானே 'எலிவேஷன்' வர வேண்டும்? ஆகவே பன்னிரண்டடிக் கண்ணாடி அங்கே வருகிறது. பின்னாலேயே கனத்த திரைச்சீலையும் வருகிறது. அது பகல் முழுக்க மூடியே கிடக்கும்.

காற்றுக்கு இந்த மொழி வைத்திருக்கும் பெயர்களைப் பார்த்தாலே போதும். தெற்கிலிருந்து வந்தால் தென்றல், வடக்கிலிருந்து வந்தால் வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை. திசைக்கு ஒரு பெயர். அதிலும் மேற்குக் காற்றுக்கும் வெயில் காலத்துக்கும் ஒரே பெயர் என்பது தற்செயல் இல்லை. இப்படி நாலு பெயர் வைத்த ஊரில், ஜன்னல் வைக்கும்போது "காற்று எந்தப் பக்கம்?" என்று கேட்காமல் "பக்கத்து வீட்டுக்காரன் எந்தப் பக்கம்?" என்று மட்டும் கேட்கிறார்கள்.

ஒரு அறைக்கு ஒரே சுவரில் எத்தனை பெரிய ஜன்னல் வைத்தாலும் காற்று வராது. உள்ளே வந்த காற்று வெளியே போக இன்னொரு வழி வேண்டும், முடிந்தால் எதிர்ச்சுவரில், இல்லையென்றால் பக்கச்சுவரில். வெளியேறும் வழி கொஞ்சம் உயரத்தில் இருந்தால் இன்னும் நல்லது, சூடான காற்று மேலேதானே தேங்கும். கதவுக்கு மேலே வென்டிலேட்டர் என்று ஒன்று இருந்தது ஞாபகமிருக்கிறதா? ஏசி வந்ததும் அதை முதலில் அடைத்தார்கள், பிறகு வைப்பதையே நிறுத்திவிட்டார்கள். ஏசி இல்லாத அறைகளிலும் நிறுத்திவிட்டார்கள் என்பதுதான் சோகம். ஏசி என்பது சூட்டை ஒழிப்பதில்லை, இடம் மாற்றுகிறது. உள்ளே இருந்ததை எடுத்து, மூன்றடி சந்தில், பக்கத்து வீட்டு ஜன்னலுக்கு நேரே ஊதுகிறது. பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலை மூடிவிட்டு அவரும் ஒன்று வாங்குகிறார்.

இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் என்று நினைப்பவர்கள் புதுச்சேரியில் கோல்கொண்டே என்ற கட்டடத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். அரவிந்தர் ஆசிரமத்தின் விடுதி. 1930களில் வரைந்து, அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் தொடங்கி, உலகப் போர்க் காலத்தினூடே 1940களில் முடித்த கான்கிரீட் கட்டடம். இந்தியாவில் கான்கிரீட்டில் கட்டிய நவீன கட்டடங்களில் மிக முந்தியவற்றில் ஒன்று. ஹைதராபாத் திவான் அக்பர் ஹைதாரியின் உதவியில் பணம் வந்ததால் கோல்கொண்டா நினைவாக இந்தப் பெயர். வடிவமைத்தவர் அன்டோனின் ரேமண்ட், செக் நாட்டில் பிறந்தவர், டோக்கியோவில் இம்பீரியல் ஹோட்டல் வேலையில் பிராங்க் லாயிட் ரைட்டிடம் இருந்தவர். தளத்தில் இருந்து வேலை பார்த்தவர்களில் ஒருவர் ஜார்ஜ் நகஷிமா, பிற்பாடு அமெரிக்காவில் மரச்சாமான் செய்வதில் பெரிய பெயர் எடுத்தவர்.

கோல்கொண்டேயின் நீண்ட முகங்கள் இரண்டும் வடக்கையும் தெற்கையும் பார்க்கின்றன. மேற்கு வெயிலுக்குக் காட்டுவது குறுகிய பக்கத்தை மட்டும். அறைகள் ஒற்றை வரிசையில் இருப்பதால் காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போகும். அந்த நீண்ட முகங்களில் சுவரே கிடையாது, ஜன்னலும் கிடையாது. கீழிருந்து மேல்வரை திறந்து மூடக்கூடிய கிடைமட்டப் பலகைகள். வெயிலுக்கு ஒரு கோணம், மழைக்கு ஒரு கோணம், காற்றுக்கு ஒரு கோணம் என்று உள்ளே இருப்பவர் திருப்பிக்கொள்ளலாம். அறைக் கதவுகளும் இடைவெளி விட்ட தேக்குச் சட்டங்கள், மூடியிருந்தாலும் காற்று போகும், ஆனால் உள்ளே தெரியாது. கூரை இரண்டு அடுக்கு. கீழே கான்கிரீட் தளம், மேலே வளைந்த கான்கிரீட் வில்லைகள், நடுவே காற்றோட்டமான இடைவெளி. வெயில் மேல் அடுக்கைச் சுடும், கீழ் அடுக்கு நிழலில் இருக்கும். எண்பது வருடங்களாக ஏசி இல்லாமல் அதில் மனிதர்கள் வசிக்கிறார்கள், புதுச்சேரி புழுக்கத்தில்!

அந்தக் கட்டடத்துக்கும் எலிவேஷன் உண்டு. தெருவிலிருந்து பார்த்தால் அந்தப் பலகை வரிசைதான் தெரியும். இந்தியாவின் அழகான முகப்புகளில் ஒன்று என்று பலர் எழுதியிருக்கிறார்கள். ஆனால் அதை யாரும் அலங்காரமாக வரையவில்லை. வெயிலுக்கும் காற்றுக்கும் பதில் சொன்னார்கள், முகம் தானாக வந்தது.

கூடவே ஒரு நியாயமான எதிர்க்கேள்வி வரும். ஆசிரமத்துக்கு இடம் இருந்தது, தோட்டம் இருந்தது, அரைக் கிரவுண்டு மனையில் 20க்கு 60 அடியில் இரண்டு பக்கமும் வீட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது? உண்மைதான். அதே காரணத்தால்தான் செட்டிநாட்டு வீட்டுப் பாணி என்று தூணும் ஆத்தங்குடிக் கல்லும் வாங்கி ஒட்டுவதும் ஏமாற்று. அந்த வீடுகளில் வேலை செய்தது தூண் இல்லை, முற்றம். நடுவில் வானம் பார்த்த வெளி, சுற்றிலும் நிழலான தாழ்வாரம். சூடான காற்று முற்றம் வழியே மேலே ஏறிப் போக, அறைகளுக்குள் காற்று இழுபடும். இரவில் குளிர்ந்த காற்று கீழே இறங்கித் தங்கும். வெளிச்சம் எல்லா அறைக்கும் வரும். மழைத் தண்ணீர் ஓரிடத்தில் சேரும். தூணை வைத்துக்கொண்டு முற்றத்தை விட்டுவிட்டால் மிஞ்சுவது மறுபடியும் எலிவேஷன்தான்.

20 அடி அகல மனையில் பெரிய முற்றம் முடியாது. ஆனால் வீட்டின் நடுவே, படிக்கட்டை ஒட்டி, நாலுக்கு ஆறு அடி வானம் பார்த்த ஒரு திறப்பு முடியும். மேலே கம்பி வலையும், மழைக்குச் சற்று உயரத்தில் ஒரு மூடியும் போட்டால் திருடன் பயமும் இல்லை, சாரலும் குறையும். 24 சதுர அடி 'வீண்' என்று மேஸ்திரி சொல்வார். அந்த 24 சதுர அடியால் நடு அறையில் பகலில் விளக்குப் போட வேண்டாம், சமையல் சூடு மேலே போய்விடும். சதுர அடிக்கு இவ்வளவு ரூபாய் என்று கணக்குப் பார்க்கிற தொழிலில் காற்று போகிற இடம் எப்போதுமே நஷ்டக் கணக்கில்தான் வரும்.

வெயிலும் காற்றும் போக மனித உடம்பு ஒன்று இருக்கிறது. ஒரு வீட்டில் உடம்பை அதிகமாகத் தொந்தரவு செய்யக்கூடியது மாடிப்படி. தளத்துக்குத் தளம் பத்தடி என்றால் 120 அங்குலம். ஆறு அங்குல உயரத்தில் படி வைத்தால் இருபது ஏற்றம். காலை முழுதாக வைக்க ஒவ்வொன்றுக்கும் பத்து அங்குல அகலம். நடுவில் திரும்பும் படியாகக் கட்டினாலும் சுமார் ஆறரைக்குப் பத்தரை அடி இடம் கேட்கும். பிளான் போடும்போது அந்த இடம் கிடைக்காது, ஹால் பெரிதாக வேண்டுமே. ஆகவே படியை எட்டு அங்குல உயரத்துக்குத் தூக்கி, எட்டரை அங்குல அகலத்துக்குச் சுருக்கி, மூலையில் முக்கோணப் படி இரண்டு வைத்து எப்படியோ ஏற்றிவிடுவார்கள். தேசியக் கட்டட விதித்தொகுப்பு வீட்டுப் படிக்குச் சொல்வது அதிகபட்சம் 190 மில்லிமீட்டர் உயரம், குறைந்தபட்சம் 250 மில்லிமீட்டர் அகலம். அதாவது ஏழரை அங்குலம், பத்து அங்குலம். படி எண்ணிக்கை ஒற்றைப்படையில் முடிகிறதா என்று மூன்று முறை எண்ணிப் பார்க்கிறவர்கள் உயரத்தை ஒருமுறை அளந்து பார்ப்பதில்லை. முப்பது வயதில் கட்டும்போது தெரியாது. அறுபதில் ஒவ்வொரு படியும் தெரியும்.

வீட்டில் முழங்கால் வலியோடு போகிறது. பொதுக் கட்டடத்தில் அப்படி இல்லை. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியில், சமையலறையில் பற்றிய தீ கீற்றுக் கூரைக்குப் பரவி 94 குழந்தைகள் இறந்தார்கள். மாடியில் கீற்று வேய்ந்த வகுப்பறைகள், இறங்குவதற்குக் குறுகலான படி. படிக்கட்டின் அகலம் எவ்வளவு, எத்தனை வழிகள், தீ பிடித்தால் எந்தப் பக்கம் ஓடுவது என்பதெல்லாம் வடிவமைப்பின் ஓரத்தில் வரும் சமாச்சாரங்கள் அல்ல. கீற்று, வெயிலுக்கு மிக நல்ல கூரை என்பதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும். குளிர்ச்சி ஒன்றை மட்டும் பார்த்து ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்தால் என்ன ஆகும் என்பதும் இதே கதையில் இருக்கிறது.

பொருள் என்றதும் லாரி பேக்கரைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1917இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் பிறந்து, 1945இல் தொழுநோயாளிகளுக்கான பணிக்காக இந்தியா வந்து, கடைசியில் திருவனந்தபுரத்தில் தங்கி, 2007இல் அங்கேயே காலமானவர். வீடு கட்டும் இடத்திலிருந்து ஐந்து மைல் சுற்றளவில் கிடைக்கும் பொருட்களைக் கொண்டே கட்ட வேண்டும் என்று காந்தி சொன்னது தன்னைப் பாதித்ததாகச் சொன்னவர். அவர் பரப்பிய இரண்டு உத்திகளை எந்தத் தொடக்க மாணவரும் பத்து நிமிடத்தில் புரிந்துகொள்ளலாம்.

ஒன்று, எலிப்பொறிக் கட்டு. செங்கல்லைப் படுக்க வைக்காமல் ஒருக்களித்து நிறுத்தி, நடுவில் பொந்து விட்டுக் கட்டுவது. ஒன்பது அங்குலச் சுவர்தான், ஆனால் உள்ளே வெற்றிடம். செங்கல் சுமார் கால்பங்கு மிச்சம், கலவையும் மிச்சம், பொந்திலிருக்கும் காற்று சூட்டைத் தடுக்கும். இரண்டாவது, தளத்துக்குள் ஓடு வைப்பது. கான்கிரீட் தளத்தின் கீழ்ப்பகுதியில் இழுவிசையைத் தாங்குவது கம்பி. அங்கே இருக்கும் கான்கிரீட் பெரும்பாலும் வெறும் பாரம். அந்த இடத்தில் கம்பிகளுக்கு நடுவே பழைய மங்களூர் ஓடுகளை இரண்டிரண்டாகக் கவிழ்த்து வைத்துவிட்டால் கான்கிரீட் குறையும், எடை குறையும், ஓட்டுக்குள் சிறைப்பட்ட காற்றால் சூடும் குறையும். கீழேயிருந்து அண்ணாந்து பார்த்தால் ஓட்டு வரிசையே அலங்காரம், பால் சீலிங் வேண்டாம். திருவனந்தபுரம் உள்ளூரில் வளர்ச்சி ஆய்வு மையத்துக்கு அவர் கட்டிய வளாகத்தில், பூசாத செங்கல் சுவர்களில் இடைவெளி விட்டு விட்டுக் கட்டிய ஜாலிகள் வழியாகத்தான் காற்றும் வெளிச்சமும் வருகின்றன.

பேக்கர் பாணி என்றால் எல்லாம் பாதி விலை என்று நம்பிக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. அப்படியில்லை. எலிப்பொறிக் கட்டுக்குப் பழகிய கொத்தனார் வேண்டும், பழகாதவர் கட்டினால் மிச்சமான செங்கல் காசு கூலியில் போய்விடும். பூசாத சுவருக்கு நல்ல செங்கல் வேண்டும். அரைவேக்காட்டுச் செங்கல்லில் பூசாமல் விட்டால் ஐப்பசி அடைமழையில் சுவர் தண்ணீர் குடிக்கும். எங்கே எது செல்லும் என்று பார்த்துச் சொல்வதற்குத்தான் வடிவமைப்பாளர் என்று ஒருவர் இருக்கிறார்.

அவர் யார் என்பதிலும் குழப்பம் இருக்கிறது. பிளஸ் டூ முடித்தவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி, சிவிலுக்கும் ஆர்க்கிடெக்சருக்கும் என்ன வித்தியாசம்? சிவில் இன்ஜினியர், அதிலும் ஸ்ட்ரக்சுரல் படித்தவர், கட்டடம் விழாமல் நிற்பதற்கான கணக்கைப் போடுகிறவர். 2014 ஜூன் 28 அன்று சென்னையை ஒட்டிய மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்ததை நினைத்தால் அந்தக் கணக்கின் மதிப்பு தெரியும். ஆர்க்கிடெக்ட், அந்தக் கட்டடம் யாருக்காக, எப்படிப்பட்ட வெளியாக இருக்க வேண்டும் என்று தீர்மானிப்பவர். ஐந்து வருடப் படிப்பு, சேர நாட்டா போன்ற தகுதித் தேர்வு. 1972ஆம் வருடத்து ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டப்படி பதிவு செய்தவர்கள் மட்டுமே அந்தப் பட்டத்தைப் போட்டுக்கொள்ளலாம். ஆனால் அந்தச் சட்டம் பெயரைத்தான் காக்கிறது, வரைகிற வேலையை மற்றவர் செய்வதைத் தடுக்கவில்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. ஆகவே வீட்டு பிளான்களை மேஸ்திரியும், பிளான் அப்ரூவல் வாங்கித் தருபவரும், கம்ப்யூட்டர் சென்டரில் வரைகிற பையனும் போட்டுக்கொண்டே இருக்கலாம்.

அவர்களை மட்டும் குறை சொல்வதும் சரியில்லை. ஆர்க்கிடெக்ட் என்றாலே பணக்காரர் சமாச்சாரம் என்ற எண்ணத்தைப் போக்க அந்தத் தொழிலில் இருப்பவர்கள் பெரிதாக முயன்றதில்லை. பத்திரிகைகளில் வருவதெல்லாம் ஈசிஆர் பங்களாக்கள். 800 சதுர அடி வீடு கட்டுகிறவர் ஆர்க்கிடெக்ட் அலுவலகக் கதவைத் தட்டவே கூச்சப்படுகிறார், தட்டினாலும் பல இடங்களில் சின்ன வேலை என்று எடுப்பதில்லை. விளைவு, வடிவமைப்பு அதிகமாகத் தேவைப்படுகிற சின்ன மனைக்குத்தான் வடிவமைப்பே கிடைப்பதில்லை. பெரிய மனையில் தப்புச் செய்தாலும் எங்கேயாவது கொஞ்சம் காற்று வரும். அரைக் கிரவுண்டில் ஒரு ஜன்னல் தப்பினால் ஒரு அறையே போய்விடும்.

ஆகையால் குறைந்தபட்சம் வீட்டுக்காரருக்கும், இந்தப் படிப்பில் சேரலாமா என்று யோசிக்கிற மாணவருக்கும் செக்‌ஷன் படிக்கத் தெரிந்திருப்பது நல்லது. கற்றுக்கொள்ளப் புத்தகம்கூட வேண்டாம். ஹார்டுவேர் கடையில் ஒரு ஐந்து மீட்டர் டேப் வாங்கினால் போதும். இப்போது குடியிருக்கும் வீட்டையே, வாடகை வீடானாலும், அளந்து பார்க்கலாம். தரையிலிருந்து ஜன்னலின் அடி எவ்வளவு, ஜன்னல் எவ்வளவு, லிண்டல் எங்கே, சன்ஷேடு எத்தனை அடி, தளம் எத்தனை உயரத்தில். கட்டம் போட்ட நோட்டில் இரண்டு கட்டத்துக்கு ஒரு அடி என்று வைத்துக்கொண்டு வெட்டுமுகத்தை வரையலாம். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு, நண்பகல், மாலை நாலரை என்று மூன்று நேரம் வெயில் எந்த ஜன்னல் வழியே எதுவரை விழுகிறது என்று தரையில் சாக்பீஸால் குறித்து, அதை அந்தப் படத்தில் கோடாக இழுக்கலாம். இரவு ஒன்பது மணிக்கு ஸ்டூல் போட்டு ஏறிக் கூரையின் அடிப்பக்கத்தை உள்ளங்கையால் தொட்டுப் பார்க்கலாம். ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி ஒவ்வொரு ஜன்னலருகிலும் பிடித்தால் புகை உள்ளே போகிறதா, வெளியே போகிறதா, சும்மா நின்று சுழல்கிறதா என்று தெரிந்துவிடும். அந்த ஒரு தாளை மடித்து வைத்துக்கொண்டு, அடுத்த வீட்டுக்கு பிளான் போடுகிறவர் முதல் படத்தை நீட்டும்போது, "செக்‌ஷன் எங்கே?" என்று கேட்கலாம்.